வாரம் பதினெட்டே முக்கால் மணித்தியாலம்

கேள்வி: வடமேற்கு லண்டனில் ஒரு மேற்கல்விக் கல்லூரியில் மனித உயிரியல் படிப்பிக்கிறேன். வளர்ந்தவர்கள் பல்கலைக்கழகம் போவதற்கான அக்சஸ் டிப்ளோமாவில் நர்சிங் பிரிவுக்கு வரும் செப்டெம்பரில் இருந்து நான்தான் பொறுப்பு. போன வருடம் 24 பேர் தொடங்கினார்கள், முடித்தவர்கள் 13 பேர். விலகிய 11 பேரில் எட்டுப் பேர் நவம்பருக்கும் பெப்ரவரிக்கும் இடையில் போனவர்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் 'கற்கும் திறன்' என்று தனி வகுப்பு இருக்கிறது, பாதிப்பேர் வருவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் ஒப்படைகள் குவிந்து எல்லாரும் திணறுகிறார்கள். உயிரியலில் பலவீனம் என்பதால் இன்னுமோர் உயிரியல் அலகு சேர்க்கலாமா என்று நிர்வாகம் கேட்கிறது. வகுப்பில் நாலு தமிழ்ப் பெண்கள். ஒருவர் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் உயிரியல் பிரிவில் படித்தவர். வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறார், எழுத்தில் பாஸுக்கு மேல் போவதில்லை. எங்கே தொடங்குவது?
ஓர் ஆசிரியை, லண்டன்

அன்பின் ஆசிரியைக்கு,

நிர்வாகத்தின் கேள்விக்கு முதலில் மறுமொழி சொல்லிவிடுகிறேன். உயிரியல் அலகைக் கூட்ட வேண்டாம். அதனால் ஏப்ரல் குவியலில் இன்னும் ஓர் ஒப்படை கூடும், வேறொன்றும் நடக்காது. ஏன் என்பது ஒரு சின்னக் கணக்கில் தெரியும்.

டிப்ளோமா 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 10 மணித்தியாலக் கற்றல். வகுப்பு, வாசிப்பு, ஒப்படை எழுதுவது எல்லாம் அந்தப் பத்துக்குள் அடக்கம். ஆக மொத்தம் 600 மணித்தியாலம். செப்டெம்பர் நடுவில் தொடங்கி ஜூன் நடுவில் முடியும் கல்லூரியில், தவணை விடுமுறையும் அரைத்தவணை வாரங்களும் கழிந்தால் கையில் மிஞ்சுவது ஏறக்குறைய 32 வாரம். 600 ஐ 32 ஆல் பிரித்தால் வாரத்துக்குப் பதினெட்டே முக்கால் மணித்தியாலம். வகுப்பு 12 மணித்தியாலம் என்றால் வீட்டுக்கு மிஞ்சுவது ஆறே முக்கால். இரண்டு பிள்ளைகளும், பராமரிப்பு இல்லத்தில் கிழமைக்கு இரண்டு இரவு வேலையும் உள்ள ஒருவருக்கு ஆறே முக்கால் மணித்தியாலம் என்பது, பிள்ளைகள் படுத்தபிறகு மூன்று இரவும் ஞாயிறு காலையும். அதற்கு மேல் அவரால் எடுக்க முடியாது.

போன வருடத் திட்டத்தை எடுத்து ஒவ்வொரு ஒப்படைக்கும் பக்கத்தில் நேரத்தைக் குறியுங்கள். 1,500 சொல் கட்டுரை ஒன்றுக்கு வாசிக்க 5 மணித்தியாலம், குறிப்பெடுக்க 2, முதல் வரைவுக்கு 5, திருத்தவும் மேற்கோள் பட்டியலைச் சரிபார்க்கவும் 3 என்று வையுங்கள். மொத்தம் 15. மே மாதத்தில் மூன்று வாரத்துக்குள் இப்படி மூன்று விழுந்தால் 45 மணித்தியால வேலை. கையில் இருப்பதோ 20. உங்கள் ஆட்கள் திணறியது சோம்பலாலும் அல்ல, உயிரியல் விளங்காததாலும் அல்ல. திட்டத்தை எழுதியபோதே 25 மணித்தியாலம் பற்றாமல் போய்விட்டது.

எதில் கைவைக்கலாம், எதில் முடியாது என்பதையும் முதலிலேயே தெளிவாக்கிக் கொள்ளுங்கள். 60 கிரெடிட், அதில் மூன்றாம் மட்டத்தில், அதாவது உயர்தர அளவில், தரமிடப்படுபவை 45, தரமிடப்படாதவை 15 என்பது மாறாது. அலகுகளின் கற்றல் பேறுகளும் கணிப்பீட்டு அளவுகோல்களும் உங்கள் டிப்ளோமாவை அங்கீகரித்த முகமையுடையவை. அவற்றில் ஒரு சொல்லையும் நீங்கள் மாற்ற முடியாது. ஒரு பேறு தவறினாலும் அந்த அலகுக்குக் கிரெடிட் இல்லை. ஆனால் அனுமதிக்கப்பட்ட தொகுதிக்குள் எந்த அலகுகள், எந்த ஒழுங்கில், எத்தனை மணித்தியாலம், எந்த வடிவ ஒப்படை, எந்தத் திகதி என்பதெல்லாம் பெரும்பாலும் கல்லூரியின் கையில்தான். பல கல்லூரிகள் முதல் வருடம் போட்ட ஒழுங்கையே பத்து வருடம் இழுத்துக்கொண்டு போகின்றன. அது கட்டாயம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

1978 இல் இங்கிலாந்து அரசு ஏழு உள்ளூர் கல்வி அதிகார சபைகளிடம் இப்படியான வகுப்புகளைத் தொடங்கச் சொன்னபோது, பள்ளிக்கூட உயர்தரப் பாடத்தைச் சுருக்கி வளர்ந்தவர்களுக்குப் புகட்டுவது நோக்கமாக இருக்கவில்லை. போகப்போகிற பட்டப்படிப்பு என்ன கேட்கும் என்பதில் இருந்துதான் திட்டம் பிறக்க வேண்டும். ஆகவே அலகுப் பட்டியலைத் திறப்பதற்கு முன், உங்கள் மாணவர்கள் அதிகம் சேரும் மூன்று பல்கலைக்கழகங்களின் நர்சிங் துறைக்கு எழுதி, முதலாம் ஆண்டின் முதல் தவணை ஒப்படைத் தாள்களைக் கேட்டு வாங்குங்கள். அனுமதிப் பொறுப்பாளரைவிட முதலாம் ஆண்டுப் பொறுப்பாளரிடம் கேட்பது நல்லது. வழக்கமாக வருபவை இவை: மேற்கோளுடன் ஒரு கட்டுரை, உடலமைப்பும் உடற்றொழிலும் பற்றிய ஒரு பரீட்சை, தன் அனுபவத்தை ஆராய்ந்து எழுதும் ஒரு பதிவு, ஓர் ஆய்வுக் கட்டுரையை வாசித்துக் கருத்துச் சொல்வது, மருந்துக் கணக்கு. அதோடு, தாதியர் பட்டப்படிப்பு 4,600 மணித்தியாலம், அதில் பாதி, 2,300, வைத்தியசாலையிலும் சமூகத்திலும் செய்முறை. முதலாம் ஆண்டிலேயே 'ஷிப்ட்' தொடங்கிவிடும். அங்கே போனதும் ஒருவர் தனியே வாசித்து, தனியே எழுதி, களைப்போடும் திகதிக்குள் கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். உயிரியலில் இன்னும் ஓர் அத்தியாயம் படித்துவிட்டுப் போவதால் அந்தப் பழக்கம் வராது.

அந்தத் தாள்களை முன்னால் வைத்துக்கொண்டு அலகுகளைத் தெரிவு செய்தால், தரமிடும் 45 கிரெடிட் ஏறக்குறைய இப்படி அமையலாம். உயிரியலுக்கு 18: கலமும் பதார்த்தங்களின் கடத்தலும் 3, இதயமும் சுவாசமும் 6, நரம்பும் ஓமோன்களும் 6, தொற்றும் நிர்ப்பீடனமும் 3. உளவியல் 9, சுகாதார சமூகவியல் 6, தாதியத் தொழிலும் சுகாதார மேம்பாடும் 6, சிறு ஆய்வு 6. தரமிடாத 15 இல் கல்விசார் எழுத்து 3, தகவல் தேடலும் மேற்கோளும் 3, சுகாதாரத்துக்கான கணிதம் 6, பல்கலைக்கழக விண்ணப்பத் தயாரிப்பு 3. உங்கள் முகமையின் அலகு அளவுகள் இதோடு சரியாகப் பொருந்தாமல் போகலாம், விகிதத்தைப் பாருங்கள். உயிரியல் ஐந்தில் இரண்டு பங்கு, அதற்கு மேல் வேண்டாம். முடிந்த இடத்தில் இரண்டு 3 கிரெடிட் அலகுக்குப் பதில் ஒரு 6 கிரெடிட் அலகை எடுங்கள். எல்லாம் மூன்று மூன்றாக எடுத்தால் இருபது அலகு, குறைந்தது இருபது ஒப்படை. அதில் பாதி நேரம் ஒப்படைத் தாளை விளங்கிக்கொள்வதிலேயே போய்விடும்.

இனி வெள்ளிக்கிழமை வகுப்பு. அதை நிறுத்திவிடுங்கள். மணித்தியாலங்களை விட்டுவிடாமல் உயிரியலுக்கும் உளவியலுக்கும் உள்ளே கொண்டு வாருங்கள். தனி வகுப்பில் 'பந்தி எழுதுவது எப்படி' என்று சொல்லிக்கொடுக்கும்போது எழுதுவதற்கு ஒரு விடயம் இருப்பதில்லை. கோடைவிடுமுறை, கைத்தொலைபேசி என்று ஏதோ ஒரு தலைப்பு. அதில் பழகியது உயிரியல் ஒப்படைக்கு வந்து சேர்வதேயில்லை. வளர்ந்தவர் தன் நேரத்தை எண்ணிச் செலவழிப்பவர். பயன் தெரியாத பிற்பகலை அவர் வேலைக்கோ பிள்ளைக்கோ கொடுத்துவிடுவார். அதில் அவர் பிழை ஒன்றும் இல்லை.

உள்ளே கொண்டு வருவது என்றால் என்ன என்பதை ஒரே ஒரு பந்தியில் காட்டுகிறேன். ஆங்கிலத்தில் எழுதப்படுவதை இங்கே தமிழில் தருகிறேன். அளவுகோல், இரத்த குளுக்கோஸ் கட்டுப்படுவதை 'விளக்குக' என்கிறது. மாணவர் எழுதுகிறார்: 'சாப்பிட்டதும் இரத்தத்தில் குளுக்கோஸ் கூடும். சதையி இன்சுலினைச் சுரக்கும். இன்சுலின் குளுக்கோஸைக் குறைக்கும். மிகவும் குறைந்தால் குளுக்ககன் சுரந்து அதைக் கூட்டும்.' நாலு வரியும் சரி. ஆனால் இது விவரித்தல், விளக்கம் அல்ல. ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் 'எப்படி?' என்று ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். கூடியது என்று யார் கண்டுபிடித்தது? குறைந்த குளுக்கோஸ் எங்கே போனது? சுரந்த இன்சுலின் ஏன் நின்றது? மூன்று இடம் வெற்றாக நிற்பது அவருக்கே தெரியும். இரண்டாம் வரைவு: 'உணவுக்குப் பின் உயரும் குளுக்கோஸைச் சதையியின் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளில் உள்ள பீற்றா கலங்கள் உணர்ந்து இன்சுலினை வெளியிடுகின்றன. இன்சுலினால் தசை, கொழுப்புக் கலங்களின் மென்சவ்வுக்குக் கூடுதலான கடத்திப் புரதங்கள் வருவதால் அவை குளுக்கோஸை உள்ளெடுக்கின்றன. ஈரல் அதைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. மட்டம் இறங்க இறங்க பீற்றா கலங்களுக்கான தூண்டலும் குறைவதால் சுரப்பும் குறைகிறது. விளைவே தன் காரணத்தைத் தணிப்பதால் இது எதிர்ப் பின்னூட்டம்.' இதற்கு வகுப்பில் இருபது நிமிடம் போதும். எழுத்தும் படித்தாயிற்று, உயிரியலும் படித்தாயிற்று. அந்த வரைவுகளையே கல்விசார் எழுத்து அலகின் சான்றாகவும் வைக்கலாமா என்று முகமையிடம் கேளுங்கள். எந்தச் சான்று எந்த அளவுகோலுக்கு என்று தெளிவாக அட்டவணை போட்டுக் கொடுத்தால் வழி பிறக்கும். ஓர் ஒப்படை இரண்டு அலகுக்குப் பயன்பட்டால் பத்துப் பதினைந்து மணித்தியாலம் மிஞ்சும்.

இதை நீங்கள் பலகையில், எல்லாரும் பார்த்திருக்க, நீங்களே எழுதி நீங்களே வெட்டித் திருத்திக் காட்ட வேண்டும். அச்சிட்ட மாதிரி விடை கொடுப்பது வேறு. அச்சில் இருப்பது யாரோ கெட்டிக்காரர் ஒரே மூச்சில் எழுதியதாகத் தெரியும். ஆசிரியை ஒரு வசனத்தை அடித்துவிட்டு மூன்றாம் தரம் எழுதுவதைக் கண்ணால் கண்டவர், தன் முதல் வரைவைக் கண்டு வெட்கப்படமாட்டார்.

நவம்பர் முதல் பெப்ரவரி வரை எட்டுப் பேர் போனதற்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது இதுதான். அந்த நாலு மாதத்தில் என்னென்ன ஒன்றாக வந்து விழுகின்றன என்று பாருங்கள். முதல் தரமிட்ட ஒப்படை திரும்பி வருகிறது. பல்கலைக்கழகங்களுக்கான யூகாஸ் பொது விண்ணப்பம். நாலு மணிக்கே இருள். பிள்ளைகளுக்குச் சளி, காய்ச்சல். நத்தாருக்குப் பராமரிப்பு இல்லங்களில் மேலதிக வேலை. இதில் இரண்டு உங்கள் கையில் இருக்கின்றன.

யூகாஸ் முதலில். 2026 நுழைவுக்குச் சம கவனிப்புத் திகதியை, அதாவது அதற்குள் வரும் எல்லா விண்ணப்பங்களையும் சமமாகப் பார்க்கும் கடைசித் திகதியை, ஜனவரி 14, மாலை 6 மணி என்று வைத்திருந்தார்கள். நம்மவர்களுக்குச் சரியாகப் பொங்கல் நேரம். திகதி ஆண்டுக்கு ஆண்டு மாறினாலும் ஜனவரி நடுப்பகுதி என்றே திட்டமிடுங்கள். ஆசிரியர் பரிந்துரை எழுத உங்களுக்கும் நேரம் வேண்டும் என்பதால், மாணவரின் எழுத்து நவம்பர் கடைசியில் முடிந்திருக்க வேண்டும். வகுப்பு தொடங்கிப் பத்தாவது வாரம் அது! இப்போது தன்விளக்கம் ஒரே கட்டுரை அல்ல, மூன்று கேள்விகள்: ஏன் இந்தப் படிப்பு, படித்தவை உங்களை எப்படித் தயார்ப்படுத்தின, படிப்புக்கு வெளியே செய்தவை எப்படி உதவின. மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துருக்கள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. மூன்றாவது கேள்விக்கு வளர்ந்தவர்களிடம் நிறைய இருக்கிறது. மாமியாரைப் பக்கவாதத்தில் மூன்று வருடம் பார்த்தவர் அதை எழுதத் தயங்குவார், அது வீட்டுக்கடமைதானே என்பார். எழுதச் சொல்லுங்கள். சிக்கல் இரண்டாவது கேள்வி. பத்தாவது வாரத்தில் ஓர் அலகாவது முடிந்திராவிட்டால் அதில் எழுத ஒன்றும் இராது. ஆகவே முதலாம் தவணைத் திட்டமே இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்படி அமைய வேண்டும். தாதியத் தொழில் அலகின் 3 கிரெடிட் அளவிலான பகுதியை முன்னுக்குக் கொண்டு வந்து, அதன் ஒப்படையை ஆறாம் வாரத்தில் வாங்கி, ஏழாம் வாரத்தில் திருப்பிக் கொடுங்கள். விண்ணப்பத் தயாரிப்பு அலகு ஐந்தாம் வாரம் தொடங்கி நவம்பரில் முடியட்டும். பல கல்லூரிகளில் அது வருடம் முழுவதும் இழுபடுகிறது, விண்ணப்பம் போனபிறகு விண்ணப்பம் எழுதப் படிப்பிப்பதில் யாருக்கும் பயன் இல்லை.

அடுத்தது முதல் ஒப்படை. பதினைந்து, இருபது வருடத்துக்குப் பிறகு ஒருவர் எழுதிய முதல் கட்டுரைக்கு, அதுவும் 1,500 சொல்லுக்கு, நவம்பரில் 'தேறவில்லை' என்று வந்தால், 'எனக்கு இது சரிவராது' என்று முன்பே உள்ளுக்குள் இருந்த எண்ணம் உறுதியாகிவிடும். காரணம் கேட்டால் வேலை, பிள்ளை என்பார்கள். ஆகவே எழுத்து சின்னதாக, அடிக்கடி, தரமின்றித் தொடங்க வேண்டும். இரண்டாம் வாரம் வகுப்பிலேயே 150 சொல். நாலாம் வாரம் ஒரு மேற்கோளுடன் 300. ஆறாம் வாரம் முதல் தரமிட்ட வேலை, 600 முதல் 800 வரை. முதல் 1,500 சொல் கட்டுரை கிறிஸ்மஸுக்குப் பிறகு. ஒவ்வொன்றும் ஏழு நாளில் திரும்ப வேண்டும். மூன்று வாரம் கழித்துக் கொடுக்கும் குறிப்பை ஒருவரும் வாசிக்கமாட்டார்கள், தரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடுவார்கள். குறிப்பு பயன்பட ஒரு வழி உண்டு. அடுத்த ஒப்படையின் முதற்பக்கத்தில் இரண்டு வரி நிரப்பச் சொல்லுங்கள்: போன முறை எனக்குச் சொன்னது என்ன, இந்த முறை அதை எந்தப் பந்தியில் செய்திருக்கிறேன். அந்தப் பந்தியை முதலில் திருத்துங்கள். உங்கள் திருத்தும் நேரமும் குறையும்.

விலகல் திடீரென்று நடப்பதில்லை. ஒரு திங்கள் வராமல் போகும், அடுத்த முறை வந்தால் பாடம் விளங்காது, விளங்காத வகுப்பில் இருக்கக் கூச்சம், பிறகு வருவதேயில்லை. ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு பக்க ஏடு தயாரித்து வையுங்கள்: இந்த வாரத்தின் மூன்று முக்கிய கருத்து, ஒரு படம், ஐந்து கேள்வி, அடுத்த வாரத்துக்கு முன் வாசிக்க வேண்டிய இரண்டு பக்கம். 32 வாரத்துக்கு 32 தாள். இது மீள வருவதற்கான படி. வராத அன்றே, பின்னேரம் ஒரு குறுஞ்செய்தியோடு அந்தத் தாளை அனுப்புங்கள். மூன்று தரம் வராவிட்டால் கடிதம் போடும் வழக்கம் பிந்திப்போன வழக்கம். இன்னொன்று: பெரும்பாலானவர்கள் வளர்ந்தோர் கல்விக்கடனில் படிப்பவர்கள். டிப்ளோமாவை முடித்துப் பட்டமும் முடித்தால் மிச்சக் கடன் தள்ளுபடியாகும். நடுவில் விலகினால் அதுவரை கல்லூரிக்குச் செலுத்தப்பட்டது அவர் பெயரில் நிற்கும். இதை முதல் வாரமே எல்லாருக்கும் சொல்லுங்கள், பயமுறுத்தாமல்.

ஒவ்வொரு வகுப்பையும் ஐந்து கேள்வியோடு தொடங்கலாம். இரண்டு போன வாரத்தில் இருந்து, இரண்டு போன மாதத்தில் இருந்து, ஒன்று செப்டெம்பரில் இருந்து. குறிப்பைப் பார்க்காமல் எழுதுவது, ஆறு நிமிடம், புள்ளி இல்லை. பராமரிப்பு வேலை செய்துவிட்டு வரும் ஒருவரின் தலையில், ஒருமுறை கேட்டது நிற்காது. மறக்கத் தொடங்கும்போது மீட்டெடுத்தால்தான் நிற்கும். நேரஅட்டவணையும் பாடத்திட்டத்தின் பகுதிதான். 9 மணிக்குத் தொடங்கும் வகுப்பில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரும் தாய் எப்போதும் பதினைந்து நிமிடம் பிந்துவார். 9.45 முதல் 2.15 வரை, நடுவில் அரை மணித்தியால இடைவேளையோடு மூன்று நாள் என்றால் சரியாக 12 மணித்தியாலம் வரும். தமிழ்ப் பெண்களுக்கு இன்னொரு நேரம் கிடைக்கும். சனிக்கிழமை பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் இரண்டு மூன்று மணித்தியாலம் மண்டபத்தில் காத்திருக்கிறார்களே, நாலு பேரும் அங்கே ஒரு மேசையில் உட்கார்ந்தால் வாரத்தின் வீட்டுப்படிப்பில் மூன்றில் ஒரு பங்காவது முடிந்துவிடும்.

ஒப்படை நாட்காட்டியை மே மாதத்தில் இருந்து பின்னோக்கிப் போடுங்கள். கடைசித் தரமிட்ட ஒப்படை மே மூன்றாம் வாரம். பிறகு வருவது மீள்சமர்ப்பிப்புக்கும், நீங்கள் போட்ட தரங்களைச் சரிபார்க்கும் வெளியக மொடரேற்றர் பார்ப்பதற்கும். ஒரே வாரத்தில் இரண்டு திகதி வரக்கூடாது. அரைத்தவணை முடிந்து வரும் வாரத்தில் எதுவும் கேட்கக்கூடாது, அந்த வாரம் பிள்ளைகள் வீட்டில் இருந்தவர்கள் ஒரு வரியும் எழுதியிருக்கமாட்டார்கள். உளவியல், சமூகவியல் ஆசிரியர்களையும் ஒரே தாளில் திகதி போட வையுங்கள். போன வருடக் குவியலுக்கு முக்கால்வாசிக் காரணம், ஒவ்வொருவரும் தத்தம் பாடத்துக்கு வசதியான திகதியைத் தனித்தனியே போட்டதாகத்தான் இருக்கும். ஒப்படைத் தாள் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். அதில் நாலு அளவுகோலுக்கு மேலும் வேண்டாம். 'விவரி', 'விளக்கு', 'மதிப்பிடு' என்ற வினைச்சொல் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி பொருள் எழுதிவிடுங்கள்.

கணிதத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் அங்கேதான் ஒளிந்திருக்கும் இழப்பு. தாதியர் பட்டப்படிப்பில் மருந்துக் கணக்குப் பரீட்சையில் 100 வீதம் எடுக்க வேண்டும், 95 தேறாது. ஜிசிஎஸ்இ (இங்கே 16 வயதில் எடுக்கும் பள்ளிக்கூடப் பரீட்சை) கணிதமும் ஆங்கிலமும் இரண்டும் இல்லாதவரை நேரே டிப்ளோமாவில் சேர்ப்பது அவருக்கு நன்மை அல்ல. அந்தப் பரீட்சைகள் பெரும்பாலும் வருவதும் மே, ஜூனில்தான். ஒன்று இல்லாவிட்டால் சமாளிக்கலாம். இரண்டும் இல்லாவிட்டால் ஒரு வருடம் அவற்றை முடித்துவிட்டு வருவதே வழி. இலங்கைச் சாதாரண தரப் பெறுபேற்றை ஏற்பார்களா என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடும், எழுத்தில் கேட்டு எடுத்துவைக்கச் சொல்லுங்கள். வகுப்பில் ஒழுங்கு இதுதான்: முதலில் பத்தின் அடுக்குகளும் தசமமும், பிறகு அலகு மாற்றம், பிறகு விகிதம், பிறகு வீதமும் நேரமும். சூத்திரத்தைப் பாடமாக்க வைக்காதீர்கள். 5 மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம், வேண்டியது 125 என்றால், பாதி, ஆகவே 2.5 மில்லிலீற்றர் என்று மனத்தால் காணட்டும். ஒரு லீற்றர் சேலைன் 8 மணித்தியாலத்தில் என்றால் மணிக்கு 125 மில்லிலீற்றர். ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி வரும் குழாயில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 துளி. பிழை வருவது வகுத்தலில் அல்ல, மில்லிகிராமையும் மைக்ரோகிராமையும் மாற்றுவதில் ஆயிரம் மடங்காக வரும். அதனால் ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால் 'விடை ஏறக்குறைய எவ்வளவு இருக்கும்?' என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு நோயாளிக்கு 40 குளிசை என்று விடை வந்தால் கை தானே நிற்க வேண்டும்.

உயர்தரம் படித்த அந்தப் பெண்ணைப் பற்றி. அவருக்கு அறிவுக்குறை இல்லை. பிரசாரணம், ஒருசீர்த்திடநிலை என்று தமிழில் ஆழமாகப் படித்தவர். அந்தப் பரீட்சை முறை, குறிப்பை முழுதாக மனத்தில் ஏற்றி, புள்ளித் திட்டத்துக்கு ஏற்ப ஒழுங்காகக் கொட்டுவதற்குப் பரிசு கொடுத்தது. அதில் அவர் கெட்டிக்காரர். இங்கே கேட்பது வேறு: யார் சொன்னது, எந்தச் சான்று, இரண்டு சான்றில் எது வலிது, ஏன். பழைய வழக்கப்படி நூலில் உள்ளதை அப்படியே எழுதினால் பாஸ் தாண்டாது, மேற்கோள் இல்லாவிட்டால் திருட்டு என்ற குற்றச்சாட்டும் வரலாம். இந்த வேறுபாட்டை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். 'ஆங்கிலத்தைத் திருத்துங்கள்' என்று மட்டும் சொன்னால் அவர் இலக்கணப் புத்தகத்தோடு ஒரு வருடத்தைக் கழித்துவிடுவார். அவருக்குப் பலன் தரக்கூடியது இது. ஒப்படைக் கேள்விக்கு முதலில் தமிழில், வாயால், ஐந்து நிமிடம் தொலைபேசியில் பதிந்து பேசட்டும். நீங்கள் தமிழ் தெரிந்தவர், கேட்டுவிட்டு 'இதை ஏன் நம்புகிறீர்கள்?' என்று இரண்டு இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். அந்த இரண்டுக்கும் அவர் தேடிப்பிடிக்கும் சான்றுதான் மெரிட்டுக்கும் டிஸ்டிங்ஷனுக்கும் போகும் பந்தி. பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும், தமிழ் வரைவை வரிக்கு வரி மாற்றாமல், புதிதாக. 45 கிரெடிட்டும் மெரிட் என்றால் யூகாஸில் 96 புள்ளி. அதில் 15 டிஸ்டிங்ஷன் ஆனால் 112. எந்த 15 என்று அவரோடு உட்கார்ந்து தெரிவு செய்யுங்கள். உயிரியலில் அவருக்கு அது எட்டக்கூடிய தூரம்தான்.

செப்டெம்பருக்கு முன் செய்ய வேண்டியவற்றில் மூன்றை ஜூலைக்குள் முடியுங்கள்: பல்கலைக்கழகங்களின் முதலாம் ஆண்டுத் தாள்கள், எல்லா ஆசிரியர்களும் கையொப்பமிட்ட ஒரே ஒப்படை நாட்காட்டி, முதல் ஆறு வாரத்துக்கான ஏடுகள். மிச்சம் 26 ஏட்டையும் வருடம் ஓட ஓட எழுதலாம். புதிய அலகு மாற்றங்களுக்கு முகமையின் அனுமதி எடுக்க வாரக்கணக்கில் ஆகும், அந்த மின்னஞ்சலை இந்தக் கிழமையே அனுப்பிவிடுங்கள்.